இதயத்தின் முனை மழுங்குகிறது: அப்ளிக் வகுப்பு எடுக்கலாமா?

நூல்கண்டு, ஈரோடு:
ஒன்றரை வருடமாகக் கையால் அப்ளிக் தைக்கிறேன், அதாவது துணியில் வடிவம் வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கிற வேலை. பூ, இலை எல்லாம் ஓரளவு வந்துவிட்டது. இதய வடிவம் மட்டும் படுத்துகிறது. கீழ்முனை கட்டைவிரல் மாதிரி மழுங்கி நிற்கிறது, மேலே நடுப்பள்ளத்தில் பிசிறு எட்டிப் பார்க்கிறது. இந்த லட்சணத்தில் தெருவில் நாலு பேர் சனிக்கிழமை வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். முதல் பாடம் இதயம்தான் என்று வைத்திருக்கிறேன். சொந்தமாக ஒரு டிசைன்கூடப் போட்டதில்லை. நான் சொல்லிக்கொடுக்கலாமா?

அவசரக்காரி:
ஓரத்தை மடித்து ஃபேப்ரிக் க்ளூவில் ஒட்டுங்கள், மேலே மெஷினில் ஜிக்ஜாக் ஓட்டிவிடுங்கள். அரை மணி நேர வேலை.

ஆரூர் பாட்டி:
க்ளூவில் காரியம் ஆகும்தான். ஆனால் தாராளமாகத் தடவினால் அந்த இடம் விறைத்துப்போகும். அப்புறம் குயில்ட் போர்வைக்காக முன்துணி, பஞ்சு, பின்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் தைக்கும்போது விரல்தான் புண்ணாகும்.

ஈரோட்டுப் பெண்ணே, இதயத்தை முதலில் ஓரமாக வையம்மா. வெளியே நீட்டும் முனை, உள்ளே போகும் பள்ளம், கஷ்டமான இரண்டும் ஒரே துண்டில் இருக்கின்றன. 31 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆரம்பத்தில் நானும் இதயத்தைத்தான் கொடுத்தேன். அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை. பிறகு புடவைக் கரை மாங்காய்க்கு மாறினேன். ஒரு வயிறு, ஒரு சின்ன உள்வளைவு, ஒரே ஒரு முனை. போதும்.

நீ பிளவுஸ் தைக்கிற கையாக இருந்தால் மடிப்புக்கு அதிகம் விட்டிருப்பாய். கால் அங்குலத்துக்கும் ஒரு மயிரிழை குறைவாக விடு. முனையில் தொடங்காதே, வயிற்றுப் பக்கம் தொடங்கு. முனை வந்ததும் அங்கேயே இன்னொரு தையல் போட்டு, உள்ளே குவிந்திருக்கும் துணியைக் கத்தரித்துவிட்டு, மறுபக்கத்தை ஊசியால் தள்ளி மடித்து நூலை இழு. முனை தானாகக் கூர்ப்படும். பள்ளத்தில் மடிப்புக் கோட்டுக்கு இரண்டு இழை முன்னால்வரை வெட்டி, நெருக்கமாக மூன்று தையல். ஊசி 10ஆம் நம்பர். நூல் மேல்துணியின் நிறத்தில் இருக்க வேண்டும், அடித்துணி நிறத்தில் அல்ல. நீளம் ஒரு முழம்; அதற்கு மேல் போனால் முறுக்கிக்கொள்ளும்.

சிவப்பை நனைத்துப் பார்க்காமல் தொடாதே. என் மகளுக்குத் தைத்த முதல் குயில்ட் முதல் சலவையிலேயே வெள்ளையெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. கடைக்காரர் சாயம் போகாது என்று அடித்துச் சொன்ன துணி.

டிசைன் விஷயம். நான் திருவாரூர்க்காரி. ஆழித்தேரில் தொங்கும் தொம்பைகளை, அந்த உருளை வடிவத் துணி அலங்காரங்களை, அண்ணாந்து பார்த்து வளர்ந்தவள். துணிமேல் துணி வைத்துத் தைத்த அந்தப் பூவும் யாளியும் அப்ளிக்தான் என்பது, கணவர் வேலைக்காக அமெரிக்காவில் பால்டிமோர் போய் அங்கே மியூசியத்தில் ஆல்பம் குயில்ட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 1850ஐ ஒட்டி அந்த ஊர்ப் பெண்கள் கூட்டாகத் தைத்தவை. ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொருவர் கைவேலை, சிலவற்றில் மசியால் பெயர்கூட எழுதியிருந்தது. சிவப்பும் பச்சையும். தேர்த்துணி ஞாபகம் வராமல் இருக்குமா!

சொந்த டிசைனுக்குப் பயப்படாதே. ஹவாய்க்காரர்கள் ஒரே துணியை எட்டாக மடித்து, ஒரே வெட்டாக வெட்டிப் பிரிப்பார்கள். ஈர்ப்பலா இலை விரிந்து வரும். செய்தித்தாளை மடித்து நீயும் வெட்டிப் பார். பத்தில் ஒன்று தேறும்.

முனை சரியாக வந்த பிறகுதான் கற்றுக்கொடுப்பேன் என்றால் நான் இன்னும் ஆரம்பித்திருக்கவே மாட்டேன். ஹாரியட் பவர்ஸ் என்று ஓர் அம்மா, 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளை அப்ளிக்கில் தைத்து 1886இல் கண்காட்சியில் வைத்தார். அதில் மெஷின் தையலும் உண்டு, அவசரக்காரிக்குச் சந்தோஷமாக இருக்கும். கோணல் மாணலான மனிதர்கள், மிருகங்கள். கண்ணை எடுக்க முடியாது. கஷ்டகாலத்தில் பத்து டாலர் கேட்டு ஐந்துக்கு விற்றார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது.

நூல்கண்டு, ஈரோடு:
பாட்டி, சனிக்கிழமை மாங்காய் வைத்தேன். நாலு பேர் என்றேன், ஆறு பேர் வந்தார்கள். டூ பை டூ பிளவுஸ் துணியில் வெட்டிய மாங்காய்க்கு முனை கூராக வந்துவிட்டது! ஒரு அக்கா மட்டும் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, இது மயில் என்கிறார். பிரிக்கச் சொல்ல மனம் வரவில்லை.

ஆரூர் பாட்டி:
பிரிக்க வேண்டாம். கண்ணுக்குக் கறுப்பு நூலில் ஒரு முடிச்சு போடச் சொல்.