டிரஸ்ட்டுல நிதி கேட்டுப் போன அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

தறிச்சத்தம், சோமனூர்

ரெண்டு வருஷமா ஒண்ணு நெஞ்சுக்குள்ள முள்ளாட்டக் கெடக்குது. இறக்கி வெக்கறேன்.

சோமனூர்ப் பக்கம் சாயங்கால டியூசன் மையம் நடத்தறோம். அப்பனும் ஆத்தாளும் ராத்திரி ஷிப்டுக்குத் தறிக்குடோன் போயிருவாங்க, பசங்க ஆறு மணியிலிருந்து ஒம்பது வரைக்கும் எங்ககிட்ட. டிரஸ்ட் பதிவு, டிரஸ்ட்டு வருமானத்துக்கு வரி விலக்குத் தர்ற 12ஏ, நன்கொடை கொடுக்கறவங்களுக்கு வரிச் சலுகை தர்ற 80ஜி எல்லாம் முடிச்சு வெச்சிருந்தோம். கோயமுத்தூர்ல ஒரு பழைய மில் குடும்பத்து அறக்கட்டளை, ரேஸ்கோர்ஸ் பக்கம், வீடேதான் ஆபீசு. ஃபைல் ஜோடிக்கவே மூணு வாரம் ஆச்சு. கலர் போட்டோ, ஸ்பைரல் பைண்டிங், முன்னட்டையில சிரிச்ச மொகமா ஒரு பொண்ணு.

அறக்கட்டளையைப் பாத்துக்கற அம்மாவுக்கு எழுபதுக்கு மேல இருக்கும். முன்னட்டையைக் கண்ணெடுத்தும் பாக்கலை. ஃபைலைக் கவுத்துப் போட்டுப் பின்னாலிருந்து பொரட்டினாங்க. வரவு செலவுக் கணக்கு வந்ததும் நின்னு, ஒரு வரியில வெரல் வெச்சாங்க. "இதர செலவுகள் 1,44,000."

"மாசம் பன்னண்டாயிரம் வருது. ரெண்டு டீச்சருங்களா தம்பி?"

நான் வாயைத் தொறக்கலை. சம்பளம்னு போட்டா எந்த டிரஸ்ட்டும் கொடுக்காது, பெஞ்சு, ஃபேனு, நோட்டுன்னு கேட்டாத்தான் கைக்கு வரும்னு ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு, ஆடிட்டர்கிட்டச் சொல்லி நாந்தான் அதை இதரத்துல தள்ள வெச்சேன். விண்ணப்பத்துல கேட்டிருந்தது 40 பெஞ்சு. எங்க பசங்க பாயில உக்காந்தே படிச்சுக்குவாங்க. டீச்சர் சம்பளத்துக்குத்தான் மாசாமாசம் முழி பிதுங்கும்.

அந்தம்மா கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு, "பெஞ்சுதான் வேணுமுங்களா?"ன்னு கேட்டாங்க.

"ஆமாங்க"ன்னேன்.

பெஞ்சு வந்துருச்சுங்க. ஆடி முடிஞ்சு ஒரு டெம்போவுல 40 பெஞ்சு, ஒவ்வொண்ணுத்துக்கும் முதுகுல டிரஸ்ட் பேரு. ஒரு டீச்சர் தீவாளிக்கு முந்தியே நின்னு, பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போயிட்டாங்க.

கடம்பூர் டீச்சரம்மா

பெஞ்சாவது வந்துச்சேன்னு சந்தோசப்படுங்ணா.

சத்தியமங்கலத்துக்கு மேல எங்க மலை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ன பசங்களுக்கு ஒரு மையம், நோட்டுல 32 பேரு. நிதி கேட்டிருந்த டிரஸ்ட்டுலிருந்து ஆய்வுக்கு வர்றோம்னு போன் வந்தது மார்கழியில. ராகி முத்தி நிக்கும், ஆனை எறங்கும். ராத்திரி பூரா பரண்மேல தகரம் தட்டற பசங்க காலையில எங்க வருவாங்க? தேதி மாத்திக்கலாமுங்களான்னு கேட்டேன். அன்னைக்குத்தான் வண்டி தோதுன்னாங்க.

வந்தது நாலு புள்ளைங்க. அதுல ஒண்ணு என்ற மவ.

எங்க ஒருங்கிணைப்பாளர், அரசுப் பள்ளியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குப் பசங்களைக் கூட்டியாந்து உக்கார வெச்சறலாம்னாரு. நான் வேண்டாம்னுட்டேன். அது ஒண்ணும் நேர்மை கீர்மை இல்லைங்க, ஹெட்மாஸ்டர் முன்னால போய் நிக்க எனக்குக் கூச்சம்.

வந்தவரு சின்ன டைரி வெச்சிருந்தாரு. நான் எதுத்தாப்புல தரையில உக்காந்திருந்தேன். இந்த வேலையில இருந்து இருந்து, எழுத்துத் தலைகீழா இருந்தாலும் எனக்குப் படிக்க வந்துரும். 4/32ன்னு எழுதி அடியில ரெண்டு கோடு இழுத்தாரு. பரணைப் பத்திக் கால் மணி நேரம் பேசினேன். ஒரு எழுத்து அந்த டைரியில ஏறலை. போறப்ப களி நல்லா இருந்துச்சும்மான்னு மட்டும் சொன்னாரு.

மூணு மாசங் கழிச்சுக் கடுதாசி. "இந்த ஆண்டு முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெறவில்லை."

இப்பவும் யாராவது என் முன்னால டைரியைத் தொறந்தா கண்ணு அங்கதான் போகுது.

பழைய கணக்கு, ஈரோடு

தறிச்சத்தம் தம்பிக்கு. தப்பு உங்கள் மேல்தான், அந்த அம்மாள் மேல் இல்லை. ஆடிட்டர் ஆபீசில் 31 வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். என் அனுபவம் சின்னது: பெருந்துறைப் பக்கத்துக் காப்பகம் ஒன்று, விண்ணப்பிக்கக் கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு டிரஸ்ட் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டிரஸ்ட்டைக் கலைத்தால் சொத்து எங்கே போகும் என்ற விதியே பத்திரத்தில் இல்லை. விண்ணப்பம் திரும்பியது. அந்தப் பெரியவர் என் மேசை மேல் தலையை வைத்துக்கொண்டார். அது கிடக்கட்டும்.

எல்லோருக்கும் பயன்படுமே என்று இதையும் சொல்லிவிடுகிறேன். கொடுக்கிற டிரஸ்ட்டுக்கும் கழுத்தில் கயிறு உண்டு. அவர்கள் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருடமே அறச்செலவாகக் காட்ட வேண்டும். இன்னொரு டிரஸ்ட்டுக்குக் கொடுத்தால், வாங்குகிறவருக்கு 12ஏ பதிவு இருந்தாலும், 2023 நிதிச் சட்டத்துக்குப் பிறகு 100 ரூபாயில் 85 ரூபாய்தான் செலவாகக் கணக்கில் ஏறும். அதனால் கை கொஞ்சம் இறுகித்தான் இருக்கிறது. இதில் நம் ஆட்கள் வேறு, மூலதன நிதியாக, அதாவது கார்பஸாகக் கொடுங்கள் என்று கடிதம் எழுதுகிறார்கள். டிரஸ்ட்டிலிருந்து டிரஸ்ட்டுக்குப் போகும் கார்பஸ் அவர்களுக்குச் செலவாகவே ஏறாது. அந்த ஒரு வார்த்தைக்காகவே தள்ளப்பட்ட ஃபைலை நான் பார்த்திருக்கிறேன். இன்ன வேலைக்கு, இத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள்.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர், அதாவது சமூகப் பொறுப்புப் பணம் வேறு வாசல். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, மூன்றில் ஒன்றைத் தொட்டால் கம்பெனி மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். அங்கே 12ஏ, 80ஜி இரண்டோடு சிஎஸ்ஆர்-1 என்ற பதிவு எண்ணும், மூன்று வருட வேலை வரலாறும் கேட்பார்கள். நேற்று ஆரம்பித்த டிரஸ்ட்டோடு போய் நின்றால் காப்பி கூடக் கிடைக்காது.

அப்புறம் 80ஜி வாங்கிவிட்டோம் என்று உட்கார்ந்துவிடக் கூடாது. 2021-லிருந்து பதிவுக்குக் காலக்கெடு உண்டு, முடிவதற்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். நன்கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் ஏற்றாவிட்டால் நாளுக்கு 200 ரூபாய் தண்டம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை இல்லை. ரசீது எழுதும்போதே சொல்லிவிடுங்கள், பிறகு சண்டைக்கு வருவார்கள். இன்னும் நிறைய இருக்கிறது.

ராசிபுரத்தான்

ஐயா, கேட்டது அனுபவம், நீங்க நடத்தினது கிளாஸு. தலையை வெச்ச பெரியவரை ரெண்டே வரியில தாட்டி விட்டுட்டு ரசீதுக்கு வந்துட்டீங்களே!

எங்க கதை பெஞ்சுக் கதைக்குப் பங்காளி. நாங்க கேட்டது படுத்த படுக்கையா இருக்கறவங்களை வீட்டுக்கே போய்ப் பாக்கற நர்ஸுக்குச் சம்பளம். கிடைச்சது ஆம்புலன்ஸு. சாவி கொடுக்கற மேடையில நாதஸ்வரமெல்லாம் வெச்சாங்க. டீசலுக்கும் டிரைவருக்கும் எங்க போக? எட்டு மாசம் வேப்பமரத்தடியில நின்னுச்சு. ஒரு நாள் பின்கதவைத் தொறந்தா ஸ்ட்ரெச்சர் மேல கோழி அடைகாத்துட்டு இருக்குது. பதினோரு முட்டை. அன்னைக்குப் பாத்து அறக்கட்டளை ஆபீசிலிருந்து போன்: "பயனாளிகள் எண்ணிக்கை அனுப்பி வைங்க." பதினொண்ணுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு.

இவங்களெல்லாம் வரிக்குத்தான் கொடுக்கறாங்க, வலிக்குக் கொடுக்கறதில்லை.

பழைய கணக்கு, ஈரோடு

ராசிபுரத்தாருக்கு. எல்லோரையும் ஒரே தராசில் போடாதீர்கள். 80ஜி என்ற பேச்சே இல்லாத 1926-ல் கோவையில் பூ.சா.கோ. (பி.எஸ்.ஜி.) குடும்பத்துப் பிள்ளைகள் நால்வரும் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாம் பங்கைத் தர்மத்துக்கு விட்டார்கள். ஊரே அறிந்தது. உங்களுக்கு வண்டி கொடுத்தவர் விசாரிக்காமல் கொடுத்தார், நீங்கள் சொல்லாமல் வாங்கினீர்கள்.

கோபிக்காரன்

நடுவுல நுழையறேன், மன்னிக்கோணும். என்ற அத்தை பையன் டெக்சாஸ்ல இருக்கான். எங்க முதியோர் இல்லத்துக்குப் பணம் அனுப்பறேன்னான். ஆடிட்டர் கேட்ட மொதக் கேள்வி, பாஸ்போர்ட்டு எந்த நாட்டுது? இந்தியப் பாஸ்போர்ட்டுன்னா, சொந்தச் சம்பாத்தியத்தைப் பேங்க் வழியா அனுப்பலாம், அது வெளிநாட்டு நிதியில சேராது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டுன்னா வெளிநாட்டு நிதி வாங்கறதுக்கான எஃப்சிஆர்ஏ அனுமதி இல்லாம ஒத்தை ரூபா தொடக்கூடாதாம். போன் போட்டு "மாப்ள, சிட்டிசன் ஆயிட்டியா?"ன்னேன். போன மாசந்தான் சத்தியப் பிரமாணம் எடுத்தானாம். போட்டோ அனுப்பினான், கையில குட்டிக் கொடியோட. எல்லாரும் வாழ்த்துப் போட்டிருந்தாங்க. எனக்கு மட்டும் கை வரலை.

தறிச்சத்தம், சோமனூர்

ஈரோட்டு ஐயா, தப்பு என்மேலதான்னு தெரியாமலா இத்தனை தூரம் எழுதினேன். அதை விடுங்க. நேரா சம்பளம்னே எழுதிக் கேட்டு வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா? அதைச் சொல்லுங்க மொதல்ல.

பனியன் ஊர் அம்மிணி, திருப்பூர்

நான் அந்தப் பக்கத்து ஆளுங்க. இங்க ஒரு டிரஸ்ட் ஆபீசுல ஏழு வருஷம் விண்ணப்பம் பிரிக்கற வேலை.

தறிச்சத்தம் அண்ணனுக்கு: எங்க டிரஸ்ட் சம்பளத்துக்குக் கொடுத்துச்சு. நான் இருந்த வரைக்கும் அப்படிக் கேட்டது ரெண்டே பேரு, ரெண்டு பேருக்கும் கிடைச்சுது. அதுல ஒருத்தரு டீச்சர் பேரு, படிப்பு, எத்தனை மணி நேரம், எத்தனை பசங்கன்னு ஒரே பக்கத்துல எழுதியிருந்தாரு. எல்லா டிரஸ்ட்டும் இப்படி இருக்காது, சில பேரு பத்திரத்துலயே கல்வி உபகரணம், மருத்துவ உதவின்னு எழுதிக் கட்டிப் போட்டிருப்பாங்க. ஃபைல் கட்டறதுக்கு முந்தி ஒரு போன் போட்டுக் கேட்டுருங்க. நாங்க சொல்லியிருப்போம். யாரும் கேக்க மாட்டாங்க. வேற டிரஸ்ட்டுக்கு எழுதின கடுதாசியில பேரை மாத்த மறந்துட்டு அப்படியே அனுப்பறவங்கதான் ஜாஸ்தி. மேல எங்க பேரு, மூணாவது பத்தியில "தங்கள் புகழ்பெற்ற" இன்னொருத்தரு.

என்னைக் கொடையறது வேற. காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு கடுதாசி. கோடு போட்ட நோட்டுத்தாள்ல, நீல மை, கையெழுத்து நடுங்கி நடுங்கி. வயசானவங்க பதினாலு பேரை வெச்சுப் பாத்துக்கறாராம். கேட்டது ஒரு கிரைண்டர். "மாவாட்டும் பெண்ணுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது" அப்படின்னு ஒரு வரி. 12ஏ கிடையாது, பான் கூட டிரஸ்ட் பேருல இல்லை. அது இல்லைன்னா நிராகரிப்புக் கட்டுலதான் போடோணும், விதி அப்படி. போட்டேன்.

போடறப்ப உள்ள இருந்து இன்னொரு கவர் விழுந்துச்சு. அவரு விலாசத்தை அவரே எழுதி, பதில் போடறதுக்குன்னு ஸ்டாம்பு ஒட்டி வெச்சிருக்காரு. நிராகரிச்சவங்களுக்கு நாங்க பதில் போடற வழக்கமில்லைங்க.

பழைய கணக்கு, ஈரோடு

அம்மிணி, ஒரு விஷயம். அவருக்குப் பணமாகக் கொடுத்தால்தான் 12ஏ கேள்வி வருகிறது. உங்கள் டிரஸ்ட்டே கடையில் கிரைண்டர் வாங்கி, அந்த முதியவர்கள் பயன்பாட்டுக்கு என்று பில்லையும் ஒப்புகைச் சீட்டையும் வைத்திருந்தால், அது உங்கள் நேரடி அறச்செலவு. உங்கள் ஆடிட்டரைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். 100 ரூபாயில் 15 ரூபாய் கழிகிற பேச்சும் கிடையாது.

ராசிபுரத்தான்

ஐயா, இதை இப்பச் சொல்லி என்னங்க ஆகப் போகுது? அந்தப் புள்ளை இன்னைக்குத் தூங்கவா?

கடம்பூர் டீச்சரம்மா

பழமை இருக்கட்டும். அம்மிணி, அந்தக் கவரு என்ன ஆச்சு?

பனியன் ஊர் அம்மிணி, திருப்பூர்

என்ற மேசை டிராயர்ல இருந்துச்சுங்க்கா. வேலையை விட்டு வந்தப்ப எடுத்துட்டு வந்துட்டேன். இப்ப வீட்டுல, ரேஷன் கார்டு வெக்கற டப்பாவுல. அஞ்சு ரூபா ஸ்டாம்பு, ஒட்டினது ஒட்டினபடி இருக்குது. ஈரோட்டு ஐயா சொன்னதைப் படிச்சதும் எடுத்துப் பாத்தேன். விலாசத்துல பின்கோடை மட்டும் செவப்பு மையில எழுதியிருக்காரு, தப்பாப் போயிரக் கூடாதுன்னு.