டிகாக்சின் சாப்பிடுபவருக்கு மருதம்பட்டை, அதிமதுரம்: 2 மணி நேர இடைவெளி போதுமா?

களியக்காவிளை பார்மசிஸ்ட் (கேள்வி):
நோயாளிக்கு வயது 66. ருமாட்டிக் காய்ச்சலின் பின்விளைவாக மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க வால்வு) சுருங்கி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது). சீட்டில் இருப்பவை: இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்த டிகாக்சின் 0.25 மி.கி. வாரத்தில் 5 நாள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் 3 மி.கி., துடிப்பு வேகத்தைக் குறைக்க மெட்டோப்ரொலால் 25 மி.கி. இரு வேளை, சிறுநீர் பெருக்கியான ஃப்ரூசமைடு 40 மி.கி. காலையில். இவற்றோடு எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலையில் வாங்கிய ஒரு கஷாயக் குப்பி, அர்ஜுனாரிஷ்டம், இங்கே நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய மருதம்பட்டைப் பொடி, இருமலுக்கு அதிமதுரப் பொடி. “2 மணி நேரம் விட்டுச் சாப்பிட்டா போதும்ல?” என்கிறார். எதை நிறுத்தச் சொல்வது, எந்த டெஸ்ட் பார்க்கச் சொல்வது?

பி அலை:
இடைவெளி விடுவது வயிற்றுக்குள் நடக்கும் மோதலுக்கு மட்டுமே உதவும். மருதம்பட்டையின் துவர்ப்புச் சத்து ஒட்டிக்கொண்டு மாத்திரை உறிஞ்சப்படாமல் போகலாம்; அதற்கு 2 மணி நேரம் சரி. ஈரலிலும் சிறுநீரகத்திலும் நடப்பதற்குக் கடிகாரம் கிடையாது.

முதலில் நிறுத்த வேண்டியது அதிமதுரம். அதன் கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் என்சைமைத் தடுக்கிறது. செயலிழக்காத கார்ட்டிசால் ஆல்டோஸ்டிரோன் போல வேலை செய்யும்: உப்பு தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போகும். இவருக்கு ஃப்ரூசமைடு ஏற்கனவே பொட்டாசியத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. டிகாக்சின், இதயத் தசையில் சோடியம்–பொட்டாசியம் பம்பில் பொட்டாசியம் உட்காரும் இடத்துக்கே போட்டி போடும் மருந்து. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் அதே 0.25 மி.கி. விஷமாகும். டிகாக்சின் அளவு நார்மல் என்று ரிப்போர்ட் வரும், ஆனாலும் ஈசிஜியில் வென்ட்ரிக்கிள் (இதயக் கீழறை) துடிப்புகள் இடையிடையே வரும். இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

அளவு சொன்னால் புரியும். ஐரோப்பாவில் கிளைசிரைசினுக்கு நாளொன்றுக்கு 100 மி.கி. என்பதை உச்ச எல்லையாக வைத்திருக்கிறார்கள். வேரில் 5 சதவீதம் இருப்பதாக வைத்துக்கொண்டால் 2 கிராம் பொடியிலேயே அந்த எல்லை வந்துவிடும். அரை டீஸ்பூன் இரண்டு வேளை என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நிறுத்திய மறுநாளே சரியாகிவிடாது. பொட்டாசியம் நிலைக்க ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

மருதநிழல் (சித்த மருத்துவம்):
சார் சொன்னதோடு ஒன்று. அந்தக் குப்பியின் லேபிளைப் படித்தீர்களா? நாம் அதிமதுரம் என்பதை அங்கே இரட்டிமதுரம் என்பார்கள். மருதம்பட்டைக்கு நீர்மருது. சர்ப்பகந்தி வேர் இங்கே சிவன் அமல்பொடி, அங்கே அமல்பொரி. ஒரே சரக்கு இரண்டு பெயரில் இரண்டு கடையிலிருந்து ஒரே வயிற்றுக்குள் போகும். இந்தக் கேள்வியில் மருதம்பட்டையே இரண்டு வழியாகப் போகிறது: பொடி ஒன்று, அரிஷ்டம் ஒன்று.

மருதம்பட்டையைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், நெஞ்சு வலிக்கும் இதயச் செயலிழப்புக்கும் சிறிய ஆய்வுகள் உண்டு. அவற்றில் கொடுத்தது பட்டைச் சாறு 500 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை அது சீராக்கும் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பால்கஷாயமாகக் கொடுப்பதானால் முறை இது: பட்டைப் பொடி 5 கிராம், பால் 40 மி.லி., தண்ணீர் 160 மி.லி. சிறுதீயில் பால் அளவுக்கு வற்றவிட்டு வடிகட்ட வேண்டும். கண்ணளவில் “ஒரு பிடி” போடுவது கஷாயம் அல்ல.

அரிஷ்டத்தில் புளிப்பினால் தானாக உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். 30 மி.லி. இரு வேளை பெரிய அளவு இல்லைதான், ஆனால் வார்ஃபரின் எடுப்பவருக்கும், வெல்லம் சேர்வதால் சர்க்கரை உள்ளவருக்கும் நான் தரமாட்டேன்.

களியக்காவிளை பார்மசிஸ்ட்:
லேபிளைப் பார்த்தேன். 14 சரக்கில் இரட்டிமதுரமும் இருக்கிறது, மரமஞ்சளும் இருக்கிறது. டிகாக்சின் லெவல் பார்க்கச் சொல்லலாமா?

ரத்தக்குழாய் (லேப்):
லெவல் எடுப்பதானால் மாத்திரை போட்டு 6 மணி நேரத்துக்குப் பிறகே எடுக்க வேண்டும், அடுத்த வேளைக்குச் சற்று முன் எடுத்தால் இன்னும் நல்லது. 2 மணி நேரத்தில் எடுத்தால் மருந்து திசுக்களுக்குப் பரவுமுன் பொய்யாக உயர்ந்து காட்டும். காலையில் மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் லேபுக்கு வருபவர்கள்தான் அதிகம். இரவு வேளைக்கு மாற்றச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம்.

இன்னொரு சிக்கல், சில மூலிகைச் சேர்மங்கள் இந்த டெஸ்ட்டின் ஆன்டிபாடியையே ஏமாற்றும். அரளியின் கிளைக்கோசைடு டிகாக்சின் என்றே பதிவாகும். எண் வரும், ஆனால் அது உண்மையான அளவு அல்ல. 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவை நிறுத்தியதை நினைத்துக்கொள்ளுங்கள். அரளி எந்த வடிவிலும் வீட்டு மருந்து அல்ல.

கூடவே பொட்டாசியம், மெக்னீசியம், கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாடு), ஐஎன்ஆர் (வார்ஃபரினால் ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கிக் கட்டி முஷ்டி பிடிக்கவைத்தால் பொட்டாசியம் கூடக் காட்டும், குறைவு மறைந்துபோகும்.

பி அலை:
மரமஞ்சளும் சேர்ந்திருக்கிறதா? அப்படியானால் குப்பியையே நிறுத்தச் சொல்லுங்கள். அதிலுள்ள பெர்பெரின், இதயத் தசை மீளும்போது திறக்கும் பொட்டாசியக் கால்வாயை அடைக்கும். ஈசிஜியில் கியூடி, அதாவது கீழறைகள் சுருங்கி மீள எடுக்கும் நேரம், நீளும். பொட்டாசியக் குறைவும் கியூடியை நீட்டும். இருமலுக்கு யாராவது அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதினால் மூன்றும் ஒரே பக்கம் தள்ளும். கியூடிசி (துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய கியூடி) 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது.

“மூலிகைதானே” என்பவருக்கு ஒரு பதில்: டிகாக்சினே ஃபாக்ஸ்குளோவ் இனத்துச் செடியிலிருந்து வந்ததுதான். 1785-ல் வில்லியம் விதரிங் அந்த இலையைப் பற்றி எழுதியபோதே அளவு தவறினால் வாந்தியும் மெதுவான நாடியும் வரும் என்று குறித்திருக்கிறார். நீலகிரி நடுவட்டத்தில் பயிரான சிங்கோனாவின் பட்டை, துடிப்பைச் சீராக்கும் குயினிடினைத் தந்தது. அது டிகாக்சினோடு சேர்ந்தால் டிகாக்சின் லெவல் ஏறத்தாழ இரட்டிப்பாகும். செடியா மாத்திரையா என்பதல்ல கேள்வி, மில்லிகிராம் எவ்வளவு என்பதே.

வத்சநாபி என்ற நச்சு வேர் சேர்ந்த மாத்திரை எதுவும் இவரிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். லேபிளில் மருத்துவ மேற்பார்வை எச்சரிக்கை அச்சாகியிருக்கும். அதன் அகோனிட்டின் சோடியக் கால்வாயை மூடவிடாமல் பிடிக்கும்; டிகாக்சின் எடுப்பவருக்கு வேண்டவே வேண்டாம்.

இவருக்கு இன்று சொல்ல வேண்டியது: அதிமதுரம், குப்பி, அரிஷ்டம் நிறுத்தம். டிகாக்சின், வார்ஃபரின் இரண்டையும் தானாக நிறுத்தக் கூடாது. வால்வு சுருக்கத்தில் ரத்தக் கட்டியைத் தடுக்க வார்ஃபரின்தான் வேண்டும். பொட்டாசியம் 4-க்கு மேல் நிற்கிறதா என்று இன்றும் ஒரு வாரம் கழித்தும் பார்க்கவும். மருதம்பட்டைப் பொடியும் இப்போதைக்கு வேண்டாம்; வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், மற்றவை நின்று 2 வாரம் ஆன பிறகு, இதய மருத்துவருக்குத் தெரிந்து, அது ஒன்று மட்டும். தொடங்கி 5 முதல் 7 நாளில் ஐஎன்ஆர்.

களியக்காவிளை பார்மசிஸ்ட்:
வீட்டில் நாடி எண்ணச் சொல்லட்டுமா?

பி அலை:
மணிக்கட்டில் எண்ணினால் குறைவாகத்தான் வரும், சில துடிப்பு கைக்கு எட்டாது. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து முழு 1 நிமிடம். 60-க்குக் கீழே போனாலோ, குமட்டல், பசியின்மை, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது எதுவானாலும், அன்றைய டிகாக்சினை எடுக்குமுன் மருத்துவருக்குப் போன் செய்து கேட்டு, அன்றே ஈசிஜி எடுக்கட்டும்.