மன்னார்குடி பக்கம் புகையிலையை நிறுத்த யாரைப் பார்க்கலாம்?

வணக்கம். மன்னார்குடி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அண்ணிக்கு ஐந்தாவது மாதம். அண்ணன் வீட்டுக்குள்ளேயே பீடி பிடிக்கிறார். அண்ணியோ நடவுக்குப் போன காலத்திலிருந்தே வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். கேட்டால், "நான் என்ன பீடியா குடிக்கிறேன்?" என்கிறார்.

புகையிலையில் உள்ள நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், பீடிப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பிள்ளைக்குப் போக வேண்டியது குறையும் என்று சொல்லிப் பார்த்தேன். 37 வாரம் முடியும் முன்பே பிரசவம், 2.5 கிலோவுக்கும் குறைந்த எடை, சில சமயம் குழந்தை இறந்தே பிறப்பது வரை ஆபத்து இருக்கிறது. மென்றாலும் நிகோடின் உள்ளே போகத்தான் செய்யும். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "நான் புகையிலை போட்டுத்தான் உங்களையெல்லாம் பெத்தேன்." அப்புறம் என் பேச்சு எங்கே எடுபடும்?

திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவமனைகளில் இதற்கான ஆலோசனைக்கு யாரைப் பார்க்க வேண்டும்? புகையிலையை விட உதவும் 1800-11-2356 இலவச எண்ணில் பேசியவர்கள் உண்டா? தமிழில் பேசுகிறார்களா? நிகோடின் சூயிங்கத்தை டாக்டரைக் கேட்காமல் கர்ப்பிணிக்குக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. வெறும் வெற்றிலை சீவல் போதும் என்றும் சொல்லாதீர்கள், பாக்கும் வயிற்றுப் பிள்ளைக்கு நல்லதல்ல.

புகையிலையை விட்ட பெண்கள் யாராவது இருந்தால், வாய் நமநமக்கும்போது எதை மென்று சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். அண்ணனைத் திட்டும் யோசனை மட்டும் வேண்டாம், அது தினமும் நடக்கிறது.