71 வயதில் ஸ்கூட்டர்: சாவியை எப்போது கொடுத்துவிட வேண்டும்?

உத்தரவீதிக்காரர் (ஸ்ரீரங்கம்):

காலையில் பேப்பரைப் பிரித்ததும் நான் முதலில் போவது திருச்சி செய்திகள் வரும் பக்கத்துக்கு. இந்த வாரம் அதில் இரண்டு முறை ஒரே வாசகம். "ஸ்கூட்டரில் சென்ற முதியவர் நிலைதடுமாறி கீழே விழுந்து பரிதாபமாக உயிரிழந்தார். போலீசார் வழக்குப்பதிந்து விசாரிக்கின்றனர்." ஒருவருக்கு வயது 64, இன்னொருவருக்கு 69.

எனக்கு 71. இரண்டாவது செய்தியை என் பெண் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அப்பா, வண்டியைக் கொடுத்துடுங்க" என்று கீழே எழுதியிருந்தாள். பயத்தில் எழுதியது, எனக்குத் தெரியும். ஆனால் அந்த நான்கு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எதனால் நிலைதடுமாறினார்? வேகத்தடையில் வெள்ளைக்கோடு இருந்ததா? தெருவிளக்கு எரிந்ததா? ரோட்டோரம் மணல் கிடந்ததா? ஒரு விவரமும் இல்லை. வயதைப் போட்டாயிற்று, காரணம் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. 25 வயதுப் பையன் விழுந்தால் பைக் கட்டுப்பாட்டை இழக்கிறது. 65 வயதுக்காரர் விழுந்தால் அவரே நிலைதடுமாறுகிறார்.

பணம் கட்டிப் பல வருஷம் காத்திருந்து 1983ல் சேத்தக் ஸ்கூட்டர் எடுத்தேன். காலையில் ஒருபக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி உதைத்தால்தான் கிளம்பும். பெரியவனை முன்னால் நிற்க வைத்து, மனைவியைக் கைக்குழந்தையோடு பின்னால் உட்கார வைத்து இந்தக் காவிரிப் பாலத்தை எத்தனை ஆயிரம் முறை கடந்திருப்பேனோ. இப்போது ஓட்டுவது கியர் இல்லாத 110 சிசி வண்டி. காலை ஆறு மணிக்குக் காந்தி மார்க்கெட். வாரம் இரண்டு நாள் மனைவியை முட்டிவலிக்காகத் தில்லை நகரில் ஃபிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறேன். அவளால் பஸ் படி ஏற முடியாது.

எந்த வயதில் நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எதைப் பார்த்து நிறுத்த வேண்டும்? ஓட்டுபவர்கள், வீட்டில் இருப்பவர்கள், ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் எல்லாரும் சொல்லுங்கள்.

நைட் டியூட்டி:

ஐயா, வணக்கம். நான் உங்கள் மகள் பக்கம். 14 வருஷமாக அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன்.

நீங்கள் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? இதயத்துக்கென்று ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல்? உங்கள் வயதில் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தருவது அது. வண்டியிலிருந்து விழுந்தவர் அன்று எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவலி, நடை தள்ளாட்டம், பேச்சுக் குழறல். ஸ்கேன் எடுத்தால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருக்கும். எப்போது அடிபட்டது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது.

இடுப்பெலும்பு முறிவு இன்னொன்று. 25 வயதுப் பையனுக்குச் சிராய்ப்போடு போகிற விழுகை உங்களைப் படுக்கையில் போட்டுவிடும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசாங்கத்தின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது, 2021 டிசம்பரில் வந்தது, நல்ல திட்டம். ஆனால் இடுப்பு முறிந்தவர் வீட்டில் 49ஆவது மணி நேரத்திலிருந்துதான் பாடு தொடங்குகிறது. அதில் பாதியைச் சுமப்பது முட்டிவலியோடு இருக்கும் உங்கள் மனைவியாகத்தான் இருக்கும்.

பாலக்கரை தம்பி:

அக்கா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கணக்கையும் பாருங்கள். 2022ல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். செத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்குள். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாடு, 64,105. வயதைக் காரணமாக வைத்து வண்டியைப் பிடுங்குவதென்றால் முதலில் என் வயசுக்காரர்களிடம்தான் பிடுங்க வேண்டும். தாத்தா 35 கிலோமீட்டர் வேகத்தில் போவார். பாலத்தில் என் நண்பர்கள் போகிற வேகத்தை நான் பார்க்கிறேன்.

நைட் டியூட்டி:

தம்பி, ரோட்டில் அதிகம் ஓடுவதே உங்கள் வயசுக்காரர்கள், அதனால் எண்ணிக்கையும் அதிகம். நான் சொல்வது வேறு. ஒரே மாதிரி விழுந்தால் யார் எழுந்திருப்பார்கள் என்பது.

கடைசிப் பெண்:

இதில் எழுத வேண்டாம் என்று இருந்தேன். அப்பா போன ஆடியில் விழுந்தார். மாலை ஆறே முக்கால், தெரு முனையில் நாய் குறுக்கே வந்தது. ஸ்கூட்டர் அவர் கால் மேலேயே கிடந்தது, இரண்டு பேர் தூக்கினார்கள். நான் பெங்களூரில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன். "உங்க அப்பா பேர் என்னம்மா?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கும் அவர் அடுத்து சொன்னதற்கும் நடுவில் நான் பட்டது போதும்.

அப்பா பிழைத்துவிட்டார். வண்டியை விற்றுவிட்டோம். ஆட்டோ இருக்கிறது, பஸ் இருக்கிறது, போனில் கூப்பிட்டால் கார் வருகிறது. ஸ்கூட்டர் இல்லாமல் வாழ முடியாது என்பது பிடிவாதம். உங்கள் பெண் ஒரு வரிதான் எழுதியிருக்கிறாள், அதை எழுதுவதற்கு முன் எத்தனை நாள் தூங்காமல் இருந்தாளோ.

உத்தரவீதிக்காரர்:

அம்மா, படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை. உங்கள் அப்பா இப்போது வெளியே போகிறாரா? விற்ற பிறகு அவர் எங்கெல்லாம் போய் வருகிறார் என்று சொல்ல முடியுமா?

நர்ஸம்மாவுக்கு: ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன், ஐந்து வருஷமாக. விழுந்தால் அது இப்படிச் செய்யும் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பஸ் பற்றி: ஸ்ரீரங்கத்திலிருந்து 1ஆம் நம்பர் அடிக்கடி உண்டு, எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் மனைவிக்கு முதல் படியிலேயே கால் எழும்பாது. ஆட்டோவில் போய்வரலாம், வாரம் இரண்டு தடவை, மாதம் எட்டு தடவை. பென்ஷனில் அது ஒரு மருந்துச் செலவு.

கடைசிப் பெண்:

கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். அப்பா அதிகம் போவதில்லை. நூலகத்துக்குப் போவதை விட்டுவிட்டார். வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், அம்மா சொன்னாள். அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் உட்கார்ந்திருக்கிறார் ஐயா. இருக்கிறார்.

தார்ச்சாலை (ஓய்வுபெற்ற பொறியாளர்):

வேகத்தடை பற்றிக் கேட்டதால் வந்தேன். இந்திய சாலைப் பேராயத்தின் விதிப்படி வளைவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அலை மாதிரி ஏறி இறங்க வேண்டும் என்பது கணக்கு. முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை, மேலே பட்டை பட்டையாகப் பெயிண்ட், இரவில் ஒளிரும் வில்லைகள் எல்லாம் வேண்டும். தெருக்களில் நீங்கள் பார்ப்பது ஒரு அடி, இரண்டு அடி அகலத்தில் கொட்டிய மேடு. அது வேகத்தடை இல்லை, குறுக்கே போட்ட கட்டை. பத்து அங்குலச் சக்கரம் அதில் ஏறாது, மோதும். ஹேண்டில்பார் துள்ளும். பிடியில் வலு குறைந்த கைக்கு அந்த நேரத்தில் அதை நிறுத்துவது கடினம்.

புது ரோடு போடும்போது பழைய தடையின் மேலேயே இன்னொன்று ஏறும். பெயிண்ட் ஒரு மழைக்குப் போய்விடும். இதையெல்லாம் எழுத எந்த நிருபருக்கும் நான்கு வரியில் இடம் கிடையாது, காவல் நிலையத்தில் கிடைத்ததை எழுதுகிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நானும் சேத்தக் ஓட்டியவன். அதில் பின் பிரேக் வலது காலில். 25 வருஷம் பழகிய கால் இன்னும் அவசரத்தில் மிதிக்கப் பார்க்கும், கியர் இல்லாத வண்டியில் அங்கே ஒன்றும் இருக்காது, இரண்டு பிரேக்கும் கையில். பிறகுதான் கை ஞாபகம் வரும். 2019க்குப் பிறகு வந்த சின்ன வண்டிகளில் இடது பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும்படி கட்டாயமாக்கியிருக்கிறார்கள். உங்கள் வண்டி எந்த வருஷத்தது என்று பாருங்கள்.

பார்சல் பையன்:

தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓட்டுறேன். பெரியவங்க வண்டி முன்னால் போனால் எனக்கு உள்ளுக்குள் உதறும். மெதுவாகப் போவதில் தப்பில்லை. ஆனால் இண்டிகேட்டர் போடாமல், கண்ணாடி பார்க்காமல், கையை மட்டும் நீட்டிவிட்டு வலது பக்கம் திரும்பிவிடுவாங்க. பின்னால் நான் இருக்கேன், எனக்குப் பின்னால் டவுன் பஸ் இருக்கு. நீங்க விழுவது பற்றியே எல்லாரும் பேசுறீங்க, உங்களால் நாங்க விழுவது பற்றி யாரும் பேசலை.

பாலக்கரை தம்பி:

அண்ணே, கொஞ்சம் மெதுவா.

உத்தரவீதிக்காரர்:

வேண்டாம் தம்பி, அவர் சொன்னது சரி. நான் கைதான் காட்டுவேன். ஏன் என்று இன்று யோசித்தேன். வலது பக்கம் கழுத்து திரும்புவதில்லை. பாதி திரும்பியதும் தோளில் சுரீர் என்கிறது. திரும்பிப் பார்க்க முடியாததை மறைக்கத்தான் கையை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், எத்தனை வருஷமோ.

இன்னொரு காரியமும் செய்தேன். நம் வயதில் லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், 1ஏ படிவத்தில் டாக்டர் சான்றிதழ் வேண்டும். போன முறை நான் பார்த்த டாக்டர் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. "நல்லா இருக்கீங்க" என்று கையெழுத்துப் போட்டார். அப்போது சந்தோஷமாக இருந்தது. அந்தப் படிவத்தை இப்போது முழுதாகப் படித்துப் பார்த்தேன். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று கேட்கிறது. சிவப்பும் பச்சையும் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்றும் கேட்கிறது.

பேரன் டேப் பிடித்தான். எதிர்வீட்டுக் காரிலிருந்து 25 மீட்டர் அளந்து கோலமாவால் கோடு போட்டோம். காலை எட்டு மணிக்கு நின்று படித்தேன், நான்கு எண்ணும் சரி. மாலை ஆறரைக்குத் திரும்பப் போய் நின்றேன். 3ஐ 8 என்றேன். எதிரே ஒரு பைக் வெளிச்சத்தோடு வந்தது, பிளேட்டே கரைந்துபோயிற்று. பேரன் ஒன்றும் பேசவில்லை.

நைட் டியூட்டி:

கண்புரை ஆரம்பமாக இருக்கலாம் ஐயா. வெளிச்சம் எதிரே வந்தால் கூசிப் பரவுவது அதன் அடையாளம். அறுவைச் சிகிச்சையில் சரியாகக் கூடியது. இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

ஓசையில்லா வண்டி:

இவ்வளவு யோசனை எதற்கு? லைசென்ஸே வேண்டாத சின்ன எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது. எங்கள் மாமனார் ஓட்டுகிறார்.

தார்ச்சாலை:

தெருவுக்குள் சரி. பாலத்தில் 25ல் போனால் பின்னால் வருகிற ஒவ்வொரு பஸ்ஸும் உங்களை ஒதுக்கும். அதோடு, கண் பார்வையைக் கேட்கிற ஒரே இடம் அந்தப் படிவம்தான். அதையும் தாண்டிப் போக வழி சொல்வது சரியாகப் படவில்லை.

கடைசிப் பெண்:

நான் மாறவில்லை, சொல்லிவிடுகிறேன். பகலில் 3 தெரிகிறது என்பதால் நாய் குறுக்கே வராமல் போகாது. ஆனால் எங்கள் அப்பாவிடம் நாங்கள் 25 மீட்டர் அளந்து பார்க்கவில்லை. நேராகச் சாவியை எடுத்துக்கொண்டோம். அன்று அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, அண்ணன்தான் வாங்கினான்.

உத்தரவீதிக்காரர்:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். கண் டாக்டரைப் பார்த்தேன், இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார். அதுவரை வண்டி நிற்கும். அதற்குப் பிறகும் விளக்கு போடும் நேரத்தில் எடுப்பதில்லை, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டுவதில்லை. பெண்ணிடம் சொன்னேன். "சரிப்பா" என்றாள், அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. ஃபிசியோதெரபிக்கு ஆட்டோக்காரர் ஒருவரிடம் மாதக் கணக்கு பேசியிருக்கிறேன்.

அப்புறம், எங்கள் பக்கத்தில் ஒரு வேகத்தடையை அதே டேப்பால் அளந்தேன். அகலம் 55 சென்டிமீட்டர், உயரம் 14. பெயிண்ட் துளி இல்லை. அளவையும் படத்தையும் வைத்து மனு எழுதி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டேன். ரசீது கொடுத்தார்கள். 1ஆம் நம்பர் பஸ்ஸில்தான் போய் வந்தேன்.

தார்ச்சாலை:

மனு எண்ணை இங்கே போடுங்கள். எந்த அதிகாரிக்குப் போகும் என்று பார்த்துச் சொல்கிறேன்.