ஏறுமெருகும் இடுமெருகும்: ‘பட்டினா’வுக்குத் தமிழ் தேடி

மயிலாடுதுறையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

குழும அன்பர்களுக்கு வணக்கம். புகைக்குழாய் சேகரிப்போருக்கான பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். மாத இறுதிக்குள் அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அதில் ஓர் அத்தியாயம் முழுவதும் ஒரே வழக்கைத்தான் பேசுகிறது. பழைய குழாயைத் தேய்த்து மெழுகிட்டுப் புதிதுபோல் பளபளக்கச் செய்வதா, புழக்கத்தில் தானாக வந்த நிறத்தையும் வழவழப்பையும் அப்படியே விட்டுவைப்பதா? பின்னதைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘பட்டினா’ என்ற ஒற்றைச்சொல் இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த அச்சொல்லை, ஓவியங்களின்மேல் காலம் படியவிடும் கருமைக்கு உரியதாக 1681இலேயே அந்நாட்டுக் கலை எழுத்தாளர் பால்தினூச்சி தம் கலைச்சொல் அகராதியில் பதிந்திருக்கிறார்.

பொருளைச் சொன்னால்தான் சொல் பிறக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ‘எரிகா அர்போரியா’ என்னும் குறுமரத்தின் வேர்முடிச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பிரான்சின் சேன்குளோத் ஊரார் அதைக் கடைந்து குழாய் செய்து வருகிறார்கள். கார்னோபா என்னும் பனையோலை மெழுகிட்டுத் துணிச்சக்கரத்தில் தேய்த்த பளபளப்போடு அது கடைக்கு வருகிறது. புகைக்கும் சூட்டிலும் கை படுவதிலும் அந்தப் பளபளப்பு மெல்லக் குன்றி, மரமே கைப்பசை ஏறிக் கருஞ்சிவப்பாகிறது. மீர்ஷாம் என்பது துருக்கியின் எஸ்கிசெகிர்ப் பகுதியில் வெட்டியெடுக்கும் வெண்ணிற மென்கல். அதைச் செதுக்கித் தேன்மெழுகில் தோய்க்கிறார்கள். புகைக்கப் புகைக்க உள்ளிருந்து தார் ஊறி, வெள்ளை மஞ்சளாகித் தேன்நிறமாகிப் பழுப்பாகிறது. வாயில் வைக்கும் காம்பு பெரும்பாலும் வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். வெயிலும் காற்றும் பட்டால் அது பச்சையோடிய பழுப்பாகிக் கசக்கும். அதை அழகென்று எவரும் சொல்வதில்லை. ஆகவே செய்த பளபளப்பு, தானாக வந்த அழகு, தானாக வந்த கேடு என்னும் மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் வேண்டும். உதவுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, வேதியியல் ஆசிரியை:

செம்பின்மேல் படியும் பச்சைக் கார்பனேட்டை நாம் ‘களிம்பு’ என்கிறோம். அச்சொல்லையே விரித்து ‘மரக்களிம்பு’, ‘கற்களிம்பு’ என்று ஆளலாம். தெரிந்த சொல் கையில் இருக்கும்போது தெரியாத ஒன்றைக் கட்டுவானேன்? வகுப்பறையில் ஒரு சொல்லை விளக்க மூன்று வாக்கியம் செலவானால், அந்தச் சொல் பாதி தோற்றுவிட்டது என்பது என் கருத்து.

திருவையாற்றிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஆசிரியை அம்மையார் மன்னிக்க வேண்டும். திருவாவடுதுறை, தருமபுர மடங்கள் சைவ சித்தாந்தம் வளர்த்த மண்ணில் இருந்துகொண்டு களிம்பை அழகென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செம்பில் உள்ள களிம்பு, உயிரைப் பற்றிய அழுக்கான ஆணவ மலத்துக்கு உவமை, நீக்கப்பட வேண்டியது. இன்றைய வாசகரோ களிம்பு என்றதும் மருந்துக்கடையை நினைப்பார். நான் முன்வைக்கும் சொல் ‘பசலை’, சங்கப் பாடல்களில் காதலனைப் பிரிந்தவள் மேனியில் படரும் நிறமாற்றம். பசுமை, பச்சை, பாசி, பசும்பொன் எல்லாம் ஓரினம். பசும்புல்லின் நிறத்தையும் பசும்பொன்னின் நிறத்தையும் ஒரே அடிச்சொல் தாங்குகிறது என்பதைக் கவனியுங்கள். செப்புப் படிமத்தின் பச்சையும் மீர்ஷாமின் மஞ்சளும் அதற்குள் அடங்கிவிடும். மேலும், பசலை எவரும் பூசி வருவதன்று. காலம் கொண்டுவந்து மேனியில் படர்த்துவது. ‘பயலை’ என்ற வடிவமும் சங்கப் பாடல்களில் உண்டு. யகரம் சகரமாகத் திரிவதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து, வேதியியல் ஆசிரியை:

ஐயா, குறுந்தொகை 399ஐத் தாங்களே எங்களுக்கு நினைவூட்டியிருக்க வேண்டும். ஊருண் கேணியின் பாசிபோலக் காதலர் ‘தொடுவுழித் தொடுவுழி நீங்கி, விடுவுழி விடுவுழிப் பரத்தலானே’ என்பதல்லவா பரணர் கூறும் பசலை? பிரையர்க் குழாயின் அழகு தொடத்தொட வருவது. தொட்டால் நீங்குவதன் பெயரைத் தொட்டால் வளர்வதற்கு வைப்பது பொருந்துமா?

நாச்சியார்கோவிலிலிருந்து, விளக்குப் பட்டறைக் குடும்பத்தைச் சேர்ந்தவர்:

பெரியவர்கள் பேசும் இடத்தில் தொழில்வழக்கைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். வார்த்த விளக்கைக் கடைசல் பிடித்து, உப்புத்தாள் போட்டு, இறுதியில் நாங்கள் கொடுப்பது மெருகு. கடைக்குப் போகும்போது கண்ணைப் பறிப்பது அதுதான். ஒரு வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் புளியிட்டுத் துலக்கப்பட்ட விளக்கு வேறு வகை. விளிம்புகள் மழுங்கி, ஒளி அடங்கி, கையில் எடுத்தால் வழுக்கும். அதையும் ‘மெருகேறியிருக்கிறது’ என்றே சொல்கிறோம். பழைய ஊஞ்சற்பலகைக்கும் வெற்றிலைச் செல்லத்துக்கும் அதே பேச்சுதான். களிம்பு என்பது எங்களுக்கு வசைச்சொல். ஈயம் பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பை விட்டுவைத்தால் வருவது. பாத்திரம் திரும்பி வரும், பேச்சும் கேட்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூசையில் இருக்கும் உற்சவ மூர்த்திகள் எண்ணெய்க்காப்பும் அபிடேகமும் கண்டு முகம் தேய்ந்து பொன்னாக ஒளிர்கிறார்கள். திருவெண்காட்டு மண்ணிலிருந்து எழுந்து, இன்று தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் நிற்கும் 1011ஆம் ஆண்டு ரிஷபவாகனருக்கு நகைவேலைப்பாடு அப்படியே கூர்மையாக இருக்கிறது. மண்ணுக்குள் கை படவில்லை, தேய்மானமும் இல்லை. இரண்டுமே காலத்தின் வேலை என்றாலும், ஒன்று தொட்டதால் வந்தது, மற்றொன்று தொடாததால் நின்றது. புகைக்குழாய் முதல் வகை என்று எனக்குப் படுகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து, சித்த மருத்துவர்:

மீர்ஷாம் என்னும் ஜெர்மன் சொல்லுக்குக் ‘கடல்நுரை’ என்று பொருள். அதையே தமிழாக வைத்துவிடாதீர்கள்; நம் நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை கேட்டால் கணவாய் ஓட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வியப்பு என்னவென்றால், அந்தக் கல்லின் அறிவியற்பெயரான செபியோலைட்டும் கணவாயின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததே. கணவாய் ஓடுபோல இலேசாகவும் நுண்துளைகளோடும் இருப்பதால் 1847இல் அப்பெயர் இட்டார்கள். ஒரே ஒப்புமையை இரு நாட்டார் தனித்தனியே கண்டிருக்கிறார்கள். ஆனாலும் வாசகர் மருந்துக்கடைக்குப் போகாமலிருக்க, மீர்ஷாம் என்றே எழுதுவது நலம்.

மயிலாடுதுறையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

நாச்சியார்கோவில் அன்பரின் மடல் எனக்கு வழி திறந்துவிட்டது. ‘மெருகு’ என்னும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு வினையால் பிரித்துவிடலாம். மெருகு தானாக ஏறினால் தன்வினை, நாம் ஏற்றினால் பிறவினை. எனவே பட்டினாவுக்கு ‘ஏறுமெருகு’, பட்டறையில் செய்யும் பளபளப்புக்கு ‘ஏற்றுமெருகு’. ஏறுமெருகு வினைத்தொகை, ஏறிய, ஏறுகின்ற, ஏறும் மெருகு என மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. பட்டினா என்பதும் ஒரு நாளில் முடிந்துபோன செயலன்று. ‘இன்று வாங்கும் குழாய் உங்கள் பேரன் கையில்தான் நிறைவு பெறும்’ என்ற கருத்தில் அந்த அத்தியாயத்தில் ஒரு பத்தியே வருகிறது. அதைத் தாங்க இதைவிட நல்ல தொகை எனக்குத் தெரியவில்லை.

தஞ்சாவூரிலிருந்து, வேதியியல் ஆசிரியை:

இலக்கணம் இனிக்கிறது, காதுக்குத்தான் இடறுகிறது. ஏறு, ஏற்று இரண்டையும் கடைசி வரிசை மாணவர் பிரித்தறிய முடியாது. மெய்ப்புத் திருத்துபவர் ஓர் ஒற்றைத் தவறவிட்டால் அத்தியாயத்தின் பொருளே தலைகீழாகிவிடும். ‘தேய்த்து ஏற்றுமெருகு தருக’ என்ற இடத்தில் ஒற்று விழுந்தால், சேகரிப்பவர் என்ன செய்வார்? வேறு வினை தேடுங்கள்.

நாச்சியார்கோவிலிலிருந்து:

மெழுகு இடுகிறோம், சாணை பிடிக்கிறோம், பாலீஷ் போடுகிறோம். ‘இடு’ என்று வைத்தால் என்ன? இடுமெருகு, ஏறுமெருகு. இரண்டும் காதில் தனித்தனியே விழுகின்றன. பாலீஷ் என்றே எழுதினாலும் எங்களுக்கு வருத்தமில்லை. பட்டறையில் அது தமிழாகிப் பல காலம் ஆகிறது.

மயிலாடுதுறையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

‘இடுமெருகு’ என்பதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன். பாலீஷ் என்பதையும் முதல் இடத்தில் ஒருமுறை சேர்த்து எழுதுவேன். தூய்மைக்காக ஒரு கைவினைஞரைத் தம் தொழிலிலேயே அயலாராக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வல்கனைட் காம்பின் கேட்டுக்குக் ‘கறை’ போதும். விளக்கம் தேவைப்படும் இடத்தில் ‘ஆக்சிஜனேற்றக் கறை’ என்பேன். குழாயில் புகையிலை இடும் கிண்ணத்தின் உட்சுவரில் படியும் கரிப்படலத்துக்குப் ‘பொருக்கு’ என்று எழுதிவிட்டேன். சோற்றுப்பானை அறிந்த எவருக்கும் அது புரியும். குழாய்க்குச் ‘சுங்கான்’ என்ற அகராதிச் சொல்லைச் சிலர் தனிமடலில் பரிந்துரைத்தார்கள். எனக்கும் அச்சொல்மேல் ஆசைதான். எனினும் தலைப்பைப் பார்த்ததும் புரிய வேண்டும் என்பதால் புகைக்குழாய் என்றே நிறுத்திக்கொள்கிறேன்.

ஏறுமெருகுக்கு இதுவரை மறுப்பு வந்தது திருவையாற்றிலிருந்து மட்டும். மற்றவர்கள் ஒப்பியிருக்கிறார்கள், சிலர் ஓய்ந்துபோய் ஒப்பியிருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. நாளை மறுநாள் பக்கங்களை அனுப்புகிறேன்.

திருவையாற்றிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் என் மறுப்பும் குழுமத்தின் ஏட்டில் இருக்கட்டும். பரணரைக் கொண்டு என்னை மடக்கினீர்கள். பிரையருக்கு அந்த வாதம் செல்லும். மீர்ஷாமுக்குச் செல்லாது. புகைக்கும் நேரத்தில் சூடேறிய கிண்ணத்தை விரலால் தொட்டால் நிறம் திட்டுத்திட்டாகக் கெட்டுவிடும் என்று அஞ்சி, அக்காலத்தில் மென்தோல் கையுறை அணிந்தே அதைப் பிடித்திருக்கிறார்கள். தொடும் இடத்தில் குலைந்து, விடும் இடத்தில் சீராகப் பரவும் மஞ்சள் அது. பாட்டில் உள்ளதும் அதுவே. மெருகு என்பது மேற்பரப்பின் ஒளியைச் சொல்லும் சொல்; இந்த நிறமோ கல்லின் உள்ளிருந்து ஊறி வெளியே வருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போர்த்துவது வசதிக்காகச் செய்வதேயன்றிப் பொருள் கண்டு செய்வதன்று. பிரையர் ஏறுமெருகாகவே இருக்கட்டும். மீர்ஷாம் பற்றிய பக்கங்களிலாவது பசலை என்று எழுதுங்கள். அச்சுக்குப் போக இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே.