அசனத்தில் அண்டா கழுவுகிறவர்கள் ஊழியக்காரர்கள் இல்லையா?

கேள்வி – வடலிக்காட்டான்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். நான் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சிறிய கிராமச் சபையைச் சேர்ந்தவன். என் அம்மா ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் ஆலயத்தைப் பெருக்கித் துடைத்து வருகிறார்கள். சபையார் எல்லாரும் பந்தியில் கூடி உண்ணும் அசனப் பண்டிகை வந்தால் முதல் நாள் இரவே காய்கறி நறுக்க உட்கார்ந்துவிடுவார்கள். மறுநாள் கடைசிப் பந்தி எழுந்த பிறகு, அண்டாக்களையும் வாளிகளையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். இந்த ஆண்டுப் பண்டிகையில், ஊழியத்தில் பாடுபட்டவர்களைக் கனம்பண்ணுகிறோம் என்று அறிவித்து, கமிட்டி அங்கத்தினர்களையும் நன்கொடை கொடுத்தவர்களையும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்ட அந்த நேரத்தில், அம்மா பந்தலுக்குப் பின்னால் குனிந்து அண்டாவின் அடிக்கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பெயர் வாசிக்கப்படவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஆராதனையில் மனம் நிற்கவில்லை. அம்மாவிடம் சொன்னால், “ஆண்டவர் பார்க்கிறார், நீ சும்மா இரு” என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். உங்களில் பெரியவனாயிருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாயிருக்கட்டும் என்று ஆண்டவர் சொல்லியிருக்கும்போது, அம்மாவுக்காக நான் கனத்தைத் தேடுவது அவர்களுடைய தாழ்மையைக் கெடுப்பதாகுமா, அல்லது நான் பேசாமல் இருப்பதுதான் தவறா? தெரிந்தவர்கள் வசனத்தின் அடிப்படையில் சொல்லுங்கள்.

மறுமொழி – பழைய உபதேசியார்

தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனாலும் அந்த வசனம் எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். மாற்கு 10ஆம் அதிகாரத்தில், செபெதேயுவின் குமாரர் இருவரும் மகிமையில் வலதுபாரிசத்தையும் இடதுபாரிசத்தையும் கேட்கிறார்கள். அதைக் கேட்ட மற்றப் பத்துப் பேரும் எரிச்சலடைகிறார்கள். பதவி கேட்ட அந்த இருவருக்கு மட்டுமல்ல, எரிச்சலடைந்த பத்துப் பேருக்கும் சேர்த்துத்தான் ஆண்டவர் பணிவிடையைப் பற்றிப் போதித்தார். அவர்களும் அதே இடங்களின்மேல்தான் கண் வைத்திருந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். உங்கள் கோபம் அந்தப் பத்துப் பேருடைய கோபம் என்று நான் சொல்லவில்லை. அதை ஜெபத்தில் நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் தலைப்பிலேயே வைத்திருக்கிற சொல்லைப் பற்றியது. இன்று ஊழியம் என்றால் பிரசங்கமும் ஒலிபெருக்கியும் மேடையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பழைய திருவிதாங்கூர் ராஜ்யத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அதில் அடங்கியிருந்த காலத்தில், ஊழியம் என்பது தாழ்த்தப்பட்ட சாதியார் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய வேலையின் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளிலாவது அந்த ஊழியத்திலிருந்து கிறிஸ்தவர்களுக்கு விலக்கு வேண்டும் என்று மிஷனெரிமார் அரசிடம் மன்றாட வேண்டியிருந்தது. முதுகு ஒடியச் சுமை தூக்கிய அந்த மக்கள், மனுஷகுமாரன் ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தார் என்று வேதத்தில் வாசிக்கக் கேட்டபோது அவர்களுடைய உள்ளம் எப்படி நடுங்கியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. கிரேக்க மூலத்திலும் அந்தப் பகுதியில் வருகிற இரண்டு சொற்களில் ஒன்று பந்தியில் பரிமாறுகிறவனையும், மற்றொன்று அடிமையையும் குறிக்கிறது. அந்தச் சொல்லின் பழைய பொருளில் பார்த்தால், உங்கள் சபையில் அன்றைக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தவர் பந்தலுக்குப் பின்னால் இருந்தார்.

மறுமொழி – ஆலமரத்தடி

சகோதரருக்கு வணக்கம். நான் டோனாவூருக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்தவள் ஆகையால், டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைக்காமல் இந்தக் கேள்வியை என்னால் வாசிக்க முடியவில்லை. அயர்லாந்திலிருந்து 1895ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த அவர், தொடக்கத்தில் தமிழ்ப் பெண்கள் சிலரோடு கிராமம் கிராமமாகச் சென்று சுவிசேஷம் சொல்லிவந்தார். 1901ஆம் ஆண்டில், கோயிலுக்கு ஒப்புக்கொடுக்கப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதன்பின் பிள்ளைகள் ஒவ்வொருவராக வரவர, பிரயாணமும் பிரசங்கமும் குறைந்து, பால் காய்ச்சுவதும் காய்ச்சலுக்குக் கண்விழிப்பதும் குளிப்பாட்டுவதும் நகம் வெட்டுவதுமே அவருடைய நாட்களாயின. சுவிசேஷம் சொல்ல வந்தவர் ஆயா வேலையில் காலத்தைக் கழிக்கலாமா என்ற கேள்வி அவருக்குள்ளேயே எழுந்தது. ஆண்டவர் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு கால்களைக் கழுவினாரே, அப்படியிருக்க எது பெரிய வேலை, எது சிறிய வேலை என்று தீர்மானிப்பது அடிமையின் காரியமா என்று யோவான் 13ஐ வைத்து அவர் தமக்குத் தாமே விடை கண்டார்.

1919ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசாங்கம் அவருடைய சேவைக்காகக் கைசர்-இ-ஹிந்த் என்ற பதக்கத்தை அறிவித்தபோது, அசட்டைபண்ணப்பட்ட ஆண்டவரைப் பின்பற்றுகிறவளுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கலங்கி, வேண்டாம் என்றே எழுதினார். மற்றவர்கள் வற்புறுத்தியதால் ஏற்றுக்கொண்டாலும், சென்னையில் நடந்த விழாவுக்கு அவர் போகவில்லை. 1951இல் அவர் மரித்தபோது, அவர் கேட்டுக்கொண்டபடியே கல்லறைக் கல் வைக்கப்படவில்லை; பறவைகள் நீர் அருந்தும் ஒரு தொட்டிதான் அங்கே இருக்கிறது. உங்கள் அம்மா “சும்மா இரு” என்று சொன்னதில் அந்த மனதைத்தான் நான் காண்கிறேன். அவர்களுடைய மனநிறைவை நீங்கள் குலைத்துவிடாதீர்கள்.

மறுமொழி – கெங்கிரேயா

சகோதரி எழுதியதை மதிக்கிறேன், ஆனால் முழுவதும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கார்மைக்கேல் அம்மையாருக்குப் பதக்கம் நீட்டப்பட்டது, அதனால் அவரால் மறுக்க முடிந்தது. இந்தச் சகோதரரின் தாயாருக்கு யாரும் எதையும் நீட்டவில்லை. கனத்தைத் தாமாக ஒதுக்குவது தாழ்மைதான். ஆனால் ஒருவரைச் சபை கவனிக்காமல் விட்டுவிட்டு, பிறகு அதற்கும் தாழ்மை என்று பெயரிடுவது சரியல்ல. நம் சபைகளில் அந்தப் பெயர் பெண்களின்மேலும் ஏழைகளின்மேலும்தான் அதிகமாக விழுகிறது என்பதை வேதனையோடு சொல்கிறேன்.

சீஷருடைய கால்களைக் கழுவிய அந்த இராத்திரியில் துணியைக் கட்டிக்கொண்டு எழுந்தவர் கடைசி இடத்தில் இருந்தவர் அல்ல, போதகரும் ஆண்டவருமானவர். ஆகவே அந்தக் கட்டளை முதலாவது மேடையில் இருப்பவர்களுக்கே உரியது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தி விசாரணையில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கர் முறுமுறுத்தபோது, அதைப் பெருமை என்று எவரும் கடிந்துகொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்துக் குறையைச் சரிசெய்தார்கள். ரோமர் 16இல் பவுல், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறார். தங்களுக்காக மிகவும் பிரயாசப்பட்ட மரியாளையும் பெயர் சொல்லியே வாழ்த்துகிறார். எனவே பொன்னாடை கேட்காதீர்கள், ஆனால் பேசுங்கள். அடுத்த அசனத்தில் கமிட்டியார் முதல் பந்தியில் உட்காராமல் பாத்திரம் கழுவ வரட்டும் என்று கேட்பதில் ஒரு பிழையும் இல்லை.

மறுமொழி – வடலிக்காட்டான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உபதேசியார் ஐயா சொன்ன அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவனாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேடையில் இருந்த சிலர்மேல் எனக்கு ஏற்கெனவே மனத்தாங்கல் உண்டு, அம்மாவின் பெயரை அதற்கு ஒரு காரணமாக்கிக்கொண்டேன். ஆனாலும் கடைசி மறுமொழியை வாசித்தபின், சபை ஊழியரிடம் அமைதியாகப் பேசுவது என்று தீர்மானித்திருக்கிறேன்.

நேற்று இரவு பெபேயாளைப் பற்றிய வசனத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, “பேரெல்லாம் எனக்கு வேண்டாம். அடி பம்பிலிருந்து தண்ணீர் சுமந்து தர ஒரு ஆள் இருந்தால் போதும், முழங்கால் ரொம்ப வலிக்கிறது” என்றார்கள். எத்தனை நாளாக வலி என்று கேட்டேன். மூன்று வருஷம் இருக்கும் என்றார்கள். நாளை சனிக்கிழமை, நான் அவர்களோடு ஆலயத்துக்குப் போகிறேன்.