பம்ப்பைச் சுற்றும் கேமரா ஒரு பக்கம் நெருங்குகிறது, மறுபக்கம் விலகுகிறது

கேள்வி
வணக்கம். கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு பேட்டர்ன் பட்டறை (வார்ப்புக்கான மாதிரி உருவம் செய்வது) வைத்திருக்கிறேன். மோனோபிளாக் பம்ப்புக்கான (மோட்டாரும் பம்ப்பும் ஒரே உடலாக இருப்பது) வால்யூட் கேசிங் (நத்தை ஓடு மாதிரியான வெளிக்கூடு) ஒன்றை ஃப்ரீகேடு என்ற 3டி வரைபட மென்பொருளில் வரைந்தேன். பார்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, கேமரா ஒரு சுற்று வருகிற பத்து விநாடி வீடியோ வேண்டும். எஸ்டிஎல் (முக்கோணங்களால் ஆன 3டி கோப்பு) ஆக எடுத்து, ஸ்கேல் 0.001 போட்டு பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் இறக்கினேன். (முதல் தடவை ஸ்கேல் போட மறந்து, 240 மில்லிமீட்டர் கேசிங் 240 மீட்டரில் கோபுரமாக நின்றது. அது வேறு கதை.) 0,0,0-இல் ஒரு எம்ப்டி (வீடியோவில் தெரியாத வெற்றுக் குறி) வைத்து, கேமராவை அதற்கு பேரண்ட் செய்து (அது அசைந்தால் கேமராவும் கூடவே அசையும்படி கட்டி), எம்ப்டியை 0-இலிருந்து 360 டிகிரி சுழற்றினேன்.

முன்பக்கம் கேசிங் சின்னதாகத் தெரிகிறது. பின்னால் போனதும் கேமரா முட்டுகிற மாதிரி நெருங்குகிறது, டெலிவரி ஃபிளாஞ்ச் (தண்ணீர் வெளியேறும் வாயின் இணைப்பு வளையம்) ஃப்ரேமுக்கு வெளியே போய்விடுகிறது. லென்ஸை மாற்றிவிட்டேன், கேமராவைப் பின்னால் தள்ளிவிட்டேன். மூன்று நாளாக இதே கூத்து.

பதில் 1
நம்பர்பேடில் 7 தட்டி மேலிருந்து பாருங்கள். எம்ப்டி கேசிங்கின் எந்த இடத்தில் நிற்கிறது?

கேட்டவர்
சக்ஷன் ஃபிளாஞ்ச் (தண்ணீர் உள்ளே வரும் பக்கம்) முகத்தில், துளையின் நடுவில். ஸ்கெட்ச் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன், சார்.

பதில் 1
அப்போது கேமராமேல் குற்றமில்லை. செக்கு ஓரிடம், மாடு சுற்றுகிற முளை வேறிடம். எஸ்டிஎல் இறங்கும்போது ஃப்ரீகேடில் இருந்த ஆரிஜின் (பொருளின் ஆதாரப் புள்ளி) அப்படியே வரும். கேசிங்கைத் தேர்ந்து, செட் ஆரிஜின், ஆரிஜின் டு ஜியோமெட்ரி. பிறகு ஷிஃப்ட் எஸ், கர்சர் டு செலக்டட். எம்ப்டியைத் தேர்ந்து மறுபடி ஷிஃப்ட் எஸ், செலக்ஷன் டு கர்சர். கேமராவும் கூடவே நகரும். கேமராவுக்கு ட்ராக் டு கன்ஸ்ட்ரெயின்ட் (எப்போதும் ஒன்றையே பார்க்க வைக்கும் கட்டு) போட்டு, டார்கெட்டாக எம்ப்டியைக் கொடுத்துவிடுங்கள்.

கேட்டவர்
முக்கால்வாசி சரியானது. ஆனால் இன்னும் கொஞ்சம் ஆடுகிறது. எம்ப்டி நடுவில் இல்லாமல் சக்ஷன் பக்கமே சாய்ந்து நிற்கிறது.

பதில் 1
போல்ட் துளைகள் எல்லாம் அந்த ஃபிளாஞ்சில்தானே? துளையும் ஃபில்லெட்டும் (மூலையை உருட்டிய வளைவு) இருக்கிற இடத்தில் எஸ்டிஎல் பொடிப்பொடி முக்கோணங்களாக உடையும். ஆரிஜின் டு ஜியோமெட்ரி தானாக எடுக்கிற மீடியன் சென்டர் என்பது புள்ளிகளின் சராசரி, அதனால் கூட்டம் எங்கேயோ அங்கே இழுக்கும். ஆரிஜின் டு ஜியோமெட்ரி கொடுத்த கையோடு இடது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் சென்டரை பவுண்ட்ஸ் சென்டர் (கேசிங்கை அடக்கும் பெட்டியின் நடு) ஆக்குங்கள். பிறகு அந்த இரண்டு ஷிஃப்ட் எஸ் வேலையும் இன்னொரு தடவை.

பதில் 2
நடுவே புகுகிறேன். இது சரியானதும் அடுத்து இரண்டு கேள்வி கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். சுற்று மெதுவாகக் கிளம்பி, நடுவில் ஓடி, கடைசியில் தயங்கும். பிளெண்டர் தானாகப் போடுகிற பெஸியர் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வளைவு) தான் காரணம். டைம்லைனில் கீஃப்ரேம்கள் (நிலையைக் குறித்து வைத்த ஃப்ரேம்கள்) எல்லாவற்றையும் தேர்ந்து 'டி' (T) தட்டி லீனியர் (சீரான வேகம்) ஆக்குங்கள். 360 டிகிரி கீயை 241-ஆம் ஃப்ரேமில் வைத்து, 240-இல் முடியுங்கள். முதலும் கடைசியும் ஒரே படமானால் லூப் ஒரு நொடி திக்கும். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் சரியாகப் பத்து விநாடி.

இன்னொன்று, பின்பக்கம் இருட்டாக இருக்கும். விளக்குகளையும் அதே எம்ப்டிக்கு பேரண்ட் செய்தால் கேமராவோடு வெளிச்சமும் சுற்றும். வார்ப்பு வளைவுகளில் பளபளப்பு நகர்வதும் பார்க்க நன்றாக இருக்கும்.

அப்புறம், நேரே எம்பி4 எடுக்காதீர்கள். பிஎன்ஜி படங்களாக எடுத்து ஓவர்ரைட் டிக்கை நீக்கிவிடுங்கள். கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பாதியில் நின்ற கடைசிப் படத்தை மட்டும் அழித்துவிடுங்கள்.

கேட்டவர்
பவுண்ட்ஸ் சென்டரில் கச்சிதமாக நின்றுவிட்டது. ரொம்ப நன்றி, இருவருக்கும். வெளிச்சம் பின்னால் போனதும்தான் பார்த்தேன், மோட்டார் பக்கத்துக் கால் ஒன்றில் ரிப் (தாங்கும் விலா) வைக்கவே இல்லை. வீடியோ இன்றைக்கு இல்லை, ஃப்ரீகேடுக்குத் திரும்பிப் போகிறேன்.